பத்துக் கிலோ சலவை இயந்திரமும் அதை விற்ற விளம்பரமும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்து மின்சாதனக் கடை ஒன்றில், கடந்த தைப்பூசத்திற்கு முந்திய வாரம், மேலே மூடி வைத்த 10 கிலோ சலவை இயந்திரம் ஒன்றை 1,190 ரிங்கிட்டுக்கு வாங்கினோம். எட்டு மாதமாக அது எங்கள் வீட்டில் வாரத்திற்கு ஐந்து முறையாவது ஓடுகிறது. இயந்திரத்தைப் பற்றி நல்லபடியாகச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. அதை விற்பதற்காகத் தொலைக்காட்சியில் காட்டும் விளம்பரத்தைப் பற்றிச் சொல்ல அதைவிட அதிகம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்; ஏனெனில் கடையில் எங்களிடம் பேசிய விதமும், வீட்டில் என் மகன் பேசிய ஒரு பேச்சும் அந்த விளம்பரத்திலிருந்துதான் வந்தன. நிறுவனத்தின் பெயரையோ கடையின் பெயரையோ சொல்லப்போவதில்லை. அதே கதையை வேறு நடிகர்களை வைத்துப் பல நிறுவனங்கள் எடுத்துக்கொண்டிருக்கும்போது ஒருவரை மட்டும் சுட்டுவது முறையாகாது.

எங்கள் வீட்டில் ஐந்து பேர். என் மனைவி அரசு மருத்துவமனையில் தாதி; வாரத்தில் இரண்டு, மூன்று நாள் இரவு வேலை இருக்கும். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். அப்பா நாற்பது ஆண்டுக்கு மேல் பால்மரத் (ரப்பர்) தோட்டத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர். தோட்டத்தை ஒட்டிய தாமானில் (வீடமைப்புக் குடியிருப்பில்) எங்களோடுதான் இருக்கிறார். எட்டு வயதில் மகனும் இரண்டு வயதில் மகளும் இருக்கிறார்கள். துணி துவைப்பது பெரும்பாலும் அப்பாவும் நானும்தான். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. வேலை நேரம் அப்படி அமைந்திருக்கிறது.

கடைக்குள் நுழைந்தபோது சுவரில் மாட்டியிருந்த மூன்று தொலைக்காட்சிகளிலும் இந்த இயந்திரத்தின் விளம்பரம்தான் ஓடிக்கொண்டிருந்தது. மனைவி வெளியே போயிருக்கிறாள். கணவன் சவர்க்காரத் தூளை மூட்டையோடு கவிழ்க்கிறான், எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் அழுத்துகிறான், நுரை பொங்கி வரவேற்பறை வரை வருகிறது, குழந்தை கைதட்டிச் சிரிக்கிறது. மனைவி வந்து தலையில் கை வைத்துக்கொண்டு, பிறகு புன்னகையோடு ஒரே ஒரு பொத்தானை அழுத்த, வீடு பளபளக்கிறது. வெள்ளை மேலங்கி அணிந்த பொறியாளர் ஒருவர் தோன்றி மோட்டாரின் சிறப்பை விளக்குகிறார். கடைசியில் கனத்த ஆண் குரல் ஒன்று, இதை வீட்டு ஆண்கள்கூட இயக்கலாம் என்கிறது. நாங்கள் கடையில் இருந்த முக்கால் மணி நேரத்தில் அந்த நுரை எத்தனை முறை பொங்கியது என்று எண்ணவில்லை. விற்பனைப் பையன் மட்டும் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவனுக்கு அது மழைச் சத்தம் போலப் பழகிவிட்டது.

தண்ணீர் அழுத்தம் குறைவாக இருந்தால் இயந்திரம் நின்றுவிடுமா என்று நான்தான் கேட்டேன். அவன் என் மனைவியின் பக்கம் திரும்பி, "அக்கா, இது ரொம்ப ஈஸிக்கா, பவுடர் போட்டு மூடிட்டா போதும்," என்றான். வடிகட்டியை எப்படிக் கழற்றுவது என்று அப்பா கேட்டார். அதற்கும் பதில் அக்காவுக்குத்தான் போனது. விலையும் மாதத் தவணையும் வந்தபோது மட்டும் என் பக்கம் திரும்பி, "அண்ணே, கார்டா, கேஷா?" என்றான். நல்ல பையன், மரியாதையாகத்தான் பேசினான். ஆனால் துவைப்பது அக்கா, பணம் கட்டுவது அண்ணன் என்ற பங்கீட்டை யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவைப்படவில்லை. அவன் தலைக்குமேல் மூன்று திரைகளில் அது நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது.

இயந்திரம் வீட்டுக்கு வந்த மறுநாள் காலை அப்பா தம் துணிகளை ஒரு வாளியில் கொண்டுவந்து, மூடியைத் திறந்து, பொத்தான்களைக் குனிந்து பார்த்தார். என் மகன் ஓடிவந்து, "தாத்தா, நீங்க தொடாதீங்க, நுரை வந்துரும்!" என்றான். அவன் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையான அக்கறையோடு, சூடான அடுப்பைத் தொடப்போகிறவரைத் தடுப்பதுபோல் சொன்னான். பொத்தான் வரை போன கையை அப்பா இழுத்துக்கொண்டார். ஒன்றும் பேசாமல் வாளியை எடுத்துக்கொண்டு வெளிக் குழாய்க்குப் போனார். இரண்டு நாள் அங்கேயே கையால் துவைத்தார்.

இதில் எனக்கு ஏன் மனம் பொறுக்கவில்லை என்றால், துணி துவைப்பதில் எங்கள் வீட்டில் அவரை மிஞ்ச ஆளில்லை. அம்மாவும் மரம் சீவியவர். விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) இருவரும் சேர்ந்தேதான் போவார்கள். எங்களை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு நிரைக்கு (மர வரிசைக்கு)ப் போய், பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துத் திரும்ப மதியம் தாண்டிவிடும். வந்ததும் அம்மா அடுப்படிக்குப் போக, அப்பா இருவருடைய தீம்பார்த் (தோட்ட வேலை) துணியையும் எடுத்துக்கொண்டு லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு)ப் பின்னால் இருந்த துவைகல்லுக்குப் போவார். சட்டையில் பால் சொட்டிய இடத்தை அது காய்வதற்குள் பச்சைத் தண்ணீரில் நனைத்துவிடுவார். காய்ந்துவிட்டதைக் கட்டைவிரல் நகத்தால் ஓரத்திலிருந்து சுரண்டி, மெல்லிய தோல்போல் முழுசாக உரித்தெடுப்பார். அதில் அவசரப்பட்டால் துணி கிழியும். தம்பி பிறந்தபோது அம்மாவின் துணி, குழந்தையின் துணி எல்லாவற்றையும் அவர்தான் கல்லில் துவைத்தார். சிலர் சிரித்தார்கள் என்று அம்மா சொல்லியிருக்கிறார். எல்லா லயத்திலும் எல்லா ஆண்களும் இப்படி இருந்தார்கள் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். சாராயத்தில் சம்பளத்தைத் தொலைத்துவிட்டு, மரமும் சீவி வீட்டையும் பார்த்த மனைவியிடம் சோறு கேட்டு அதட்டியவர்களும் அதே வரிசையில் குடியிருந்தார்கள். ஆனால் அப்பாவைப் போன்றவர்களும் இருந்தார்கள் என்பதை இந்த விளம்பரங்கள் அழித்துவிடுகின்றன.

நுரை விளம்பரம் ஆணைக் கேலி செய்கிறது என்பதோடு பலர் நிறுத்திக்கொள்வார்கள். என் வருத்தம் அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. ஒருவனுக்கு ஒரு வேலை தெரியவே தெரியாது என்று சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டுவிட்டால், அதை அவனிடம் யாரும் இனிமேல் கேட்கப்போவதில்லை. அவனுக்கு அவமானம் அரை நிமிடம், விடுதலை ஆயுள் முழுக்க. மிச்ச வேலை யார் தலையில் விழுகிறது? இரவு வேலை முடிந்து காலை எட்டு மணிக்குக் கண் எரிய வீடு திரும்பும் என் மனைவியைப் போன்றவர்கள் தலையில்தான். அந்தப் புன்னகையும் தலையில் வைத்த கையும் பெண்ணின் கெட்டிக்காரத்தனத்தைப் புகழ்வதுபோல் தோன்றுகின்றன. ஆனால் அந்தப் புகழோடு சேர்த்துச் சுமையும் அவளுக்கே எழுதிக்கொடுக்கப்படுகிறது.

ஆணுக்கு இந்த விளம்பரத்தில் இருப்பவை இரண்டே இடங்கள்: ஒன்றும் தெரியாத கணவன், எல்லாம் தெரிந்த பொறியாளர். சாதாரணமாகத் துணியைப் போட்டு எடுத்துக் காயப்போடும் ஆண் எங்கும் இல்லை. இது இன்று நேற்றுப் பழக்கமும் இல்லை. அமெரிக்கத் தொலைக்காட்சி விளம்பரங்களை ஆராய்ந்து மெக்ஆர்தர், ரெஸ்கோ என்ற இருவர் 1975-இல் வெளியிட்ட கட்டுரையில், விளம்பரங்களில் முக்கியமாகத் தோன்றிய ஆண்களில் 70 விழுக்காட்டினர் பொருளைப் பற்றி எடுத்துச் சொல்லும் விவரம் தெரிந்தவர்களாகவும், பெண்களில் 86 விழுக்காட்டினர் பொருளைப் பயன்படுத்துபவர்களாகவும் வந்ததாகக் கணக்கிட்டிருந்தார்கள். அந்தக் கனத்த குரலும் வெள்ளை மேலங்கியும் அரை நூற்றாண்டாக ஓய்வெடுக்கவில்லை. இயந்திரத்தோடு வந்த கையேட்டையும் புரட்டிப் பார்த்தேன். துணி போடுவது, தூள் போடுவது, வடிகட்டியைக் கழுவுவது என்று வரைந்திருந்த படங்களிலெல்லாம் ஏப்ரன் கட்டிய பெண்; கால்களை மட்டப்படுத்தும் ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் ஸ்பேனரோடு ஓர் ஆண்.

பிற நாடுகளில் இதைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். 2012-இல் அமெரிக்காவில் ஹக்கீஸ் அணையாடை (டயப்பர்) நிறுவனம், கைக்குழந்தைகளைத் தந்தையரிடம் விட்டுவைப்பதே அணையாடைக்குக் கடும் சோதனை என்ற பொருள்படும் விளம்பரத்தை ஒளிபரப்பியது. தந்தையரே எதிர்ப்புத் தெரிவித்துக் கையெழுத்து திரட்ட, நிறுவனம் விளம்பரத்தை மாற்றியது. பிரிட்டனில் ஆண் இப்படி, பெண் இப்படி என்று தீங்கு விளைக்கும் சித்திரிப்புகளை விளம்பரங்களில் தடுக்கும் விதி 2019 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் முதலில் தடைசெய்யப்பட்டவற்றுள் ஒன்று பிலடெல்பியா பாலாடைக்கட்டி விளம்பரம்: உணவகத்தில் இரண்டு தந்தையர் தின்பண்டத்தில் மயங்கி நிற்க, குழந்தைகள் உணவு சுற்றிவரும் பட்டையில் ஏறிப் போய்விடுகின்றன. 128 பேர் முறையிட்டார்கள். அது வெறும் நகைச்சுவை என்ற வாதம் எடுபடவில்லை. நம் நாட்டில் 2023 ஜனவரி 1 முதல் தனியார் துறைத் தந்தையருக்குச் சம்பளத்தோடு 7 நாள் விடுப்பு சட்டமாகியிருக்கிறது. செம்பனை ஆலையில் வேலை செய்யும் என் தம்பி, மகன் பிறந்தபோது அந்த 7 நாளையும் எடுத்துக்கொண்டு அணையாடைத் துணிகளை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து இதே இயந்திரத்தில் துவைத்தான். சட்டம் ஆணை வீட்டுக்குள் வரச் சொல்கிறது. மாலைத் தொடர்களின் இடைவேளையில் விளம்பரம் அவனை வெளியே போகச் சொல்கிறது.

வேறு மாதிரியும் எடுக்க முடியும். இந்தியாவில் ஏரியல் சவர்க்காரத் தூளுக்காக 2016-இல் வந்த படத்தில், மகள் வேலையிலிருந்து திரும்பிச் சமையலும் துணியும் தொலைபேசியுமாக ஓடுவதையும் மருமகன் தொலைக்காட்சி முன் அமர்ந்திருப்பதையும் ஒரு வயதான தந்தை பார்க்கிறார். தாம் வீட்டு வேலையில் கை கொடுக்காமல் வளர்த்ததால்தான் இது என்று மகளுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதிவிட்டு, ஊர் திரும்பித் தம் துணியைத் தாமே துவைக்கப் போகிறார். அவரை யாரும் கோமாளியாக்கவில்லை. நம் நாட்டிலும் இயக்குநர் யாஸ்மின் அஹ்மாட் 2007-இல் பெட்ரோனாஸ் எண்ணெய் நிறுவனத்துக்காக எடுத்த மெர்டேக்கா (சுதந்திர தின) விளம்பரத்தில், ஒரு சீனச் சிறுவன் தனக்குப் பிடித்த மலாய்ச் சிறுமியைப் பற்றி வெட்கத்தோடு பேசுகிறான், அவளும் அவனைத்தான் பிடிக்கும் என்றதும் கை கோத்து நடக்கிறான். ஓர் ஆண் பிள்ளை மனத்தில் இருப்பதை மறைக்காமல் சொன்னால் அது எவ்வளவு அழகாக இருக்கிறது என்பதை நாடே பார்த்தது. சலவை இயந்திரக்காரர்கள் அதைப் பார்க்காமலா இருந்திருப்பார்கள்?

இனி இயந்திரம். மோட்டார் சத்தமே கேட்பதில்லை. இரவு வேலை முடித்து மனைவி பகலில் தூங்கும்போது பக்கத்து அறையில் ஓடினாலும் தொந்தரவு இல்லை, அதற்காகவே முழு மதிப்பெண் கொடுக்கலாம். பள்ளிச் சட்டைக் காலர், தாதிச் சீருடை எல்லாம் நன்றாகவே வெளுக்கின்றன. கம்பளி போன்ற கனத்த போர்வையை மட்டும் ஒன்றுக்கு மேல் போடக்கூடாது. பிழியும்போது பாரம் ஒரு பக்கம் சாய்ந்து இயந்திரம் ஆடும். அடியில் எலித் தடுப்புத் தகடு இருக்கிறது, தோட்டத்து ஓரத்தில் குடியிருப்பவர்கள் அது இல்லாத இயந்திரத்தை வாங்காதீர்கள். காய்ந்த ரப்பர் பால் கறையை இது எடுக்காது. எந்த இயந்திரமும் எந்தத் தூளும் எடுக்காது, விளம்பரத்தில் என்ன காட்டினாலும். கட்டிப்பால் (உறைந்த ரப்பர் பால்) வாடை ஏறிய துணியை முந்திய இரவே தனியாக ஊறவைத்துவிட்டுத்தான் போடவேண்டும். எங்கள் பெரிய குறை தண்ணீர்தான். மாலையில் அழுத்தம் குறைந்தால் தொட்டி நிறைய இருபது நிமிடத்திற்கு மேல் ஆகிறது, சில நாள் பாதியில் நின்று எச்சரிக்கை ஒலி எழுப்புகிறது. பெருமழைக்குப் பிறகு வரும் கலங்கல் தண்ணீர், குழாய் இணையும் இடத்துச் சிறு வலையை அடைத்துவிடும். கடையில் நான் கேட்ட கேள்விக்கு அன்றே பதில் கிடைத்திருந்தால், வாங்கிய முதல் மாதத்தில் இரண்டு முறை பழுதுபார்ப்பவருக்காகக் காத்திருக்க நேர்ந்திருக்காது.

பழுதுபார்க்க வந்தவர் நடுத்தர வயதுக்காரர். வந்ததும், "யாரு இந்த மெஷின ஓட்றது?" என்று கேட்டார். நான் அப்பாவைக் காட்டினேன். அவர் அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, குழாயைக் கழற்றி, வலையை இடுக்கியால் எடுத்து, பழைய பல் துலக்கியால் தேய்ப்பது எப்படி என்று பொறுமையாகக் காட்டி, "நீங்க ஒரு தடவ செஞ்சு காட்டுங்கய்யா," என்றார். என் மகனும் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். பொத்தான்களுக்கு மேல் ஆங்கிலமும் மலாயும்தான் இருக்கின்றன என்பதால், மறுநாள் அவனே வெள்ளைத் தாளில் ‘ஊறவை’, ‘அலசு’, ‘பிழி’ என்று எழுதிக் கொடுக்க, அப்பா அவற்றைத் தம் கையால் ஒட்டினார். ‘பிழி’யின் ழகரம் கொஞ்சம் கோணல். இயந்திரத்துக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். விளம்பரத்துக்கும், அதைப் பார்த்துப் பழகிய விற்பனைக்கும் ஒன்றுக்கு மேல் தர மனமில்லை. வாங்கப் போகிறவர்கள் தண்ணீர் அழுத்தத்தைப் பற்றியும் வலையைப் பற்றியும் கடையிலேயே கேட்டுவிடுங்கள். பதில் வேறொருவர் முகத்தைப் பார்த்து வந்தால், துவைக்கப்போவது நான்தான் என்று சொல்லிவிட்டு மறுபடியும் கேளுங்கள்.