மொட்டைத் தரைக்குச் செங்கல்லா, செடியா?

எவ்வளவு செழிப்பான தோட்டத்திலும் எங்காவது ஓர் இடம் மொட்டையாகக் கிடக்கும். குழாயடி, மரத்தடி, சுவரோரம், எல்லோரும் குறுக்கே நடந்து நடந்து இறுகிப்போன தடம். அதை மூடப் பெரும்பாலும் இரண்டு வழிகளைத்தான் யோசிப்போம். மிஞ்சிப்போன செங்கல், உடைந்த ஓடு, காங்கிரீட் துண்டு, பழைய மரக்கட்டை என்று கைக்குக் கிடைத்ததைப் பரப்புவது ஒன்று. தரையோடு படரும் செடியை நட்டுவிடுவது இன்னொன்று. இரண்டையும் பல வருடம் செய்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த இடம் ஏன் மொட்டையானது என்று தெரியாமல் எதைப் போட்டாலும் நிலைக்காது.

அப்படியே விட்டுவிடலாமே என்றால், கூடாது. மூடாத மண்ணில் மழைத்துளி நேராக விழும்போது மண்கட்டி உடைந்து தூளாகிறது. அந்தத் தூள் மண்ணின் துளைகளை அடைத்து மேலே ஓடு போலக் காய்ந்துவிடும். அடுத்த மழை உள்ளே இறங்காமல் மேல்மண்ணையும் அள்ளிக்கொண்டு ஓடும். வெளிச்சம் பட்டால் போதும் என்று மண்ணுக்குள் காத்திருக்கும் களை விதைகளும் முளைத்துவிடும்.

ஆகவே முதல் வேலை சோதனை. ஈரமான மண்ணில் ஒரு கம்பியைக் கையால் குத்திப் பாருங்கள். இறங்க மறுத்தால் மண் இறுகியிருக்கிறது. 30 செ.மீ. ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி நீர் நிரப்பி, அது வடிந்ததும் இன்னொரு முறை நிரப்புங்கள். மறுநாளும் தண்ணீர் நின்றால் வடிகால் சரியில்லை. நடுப்பகலில் அங்கே வெயில் விழுகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவு தெரிந்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

கால் படும் இடம்

இங்கே போட்டியே இல்லை, பழைய பொருள்தான். தினமும் ஒரே இடத்தில் மிதி வாங்கிக்கொண்டு வளரும் செடி கிடையாது. அருகம்புல்லும் பொடுதலையும் ஓரளவு தாங்கும், வழித்தடத்தில் அவையும் தேய்ந்துபோகும்.

பழைய செங்கல்லில் நல்லதை அறிய ஒரு வழி உண்டு. இரண்டைத் தட்டிப் பாருங்கள். கணீரென்று சத்தம் வந்தால் நன்றாகச் சுட்டது. மந்தமாக ஒலிப்பது வேகாத கல். அது நீரைக் குடித்துக் குடித்துச் சில மழைக்காலங்களில் பொடிந்துவிடும். அதைத் தரையில் பதிக்காமல் பாத்தி ஓரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். தரையில் 3 முதல் 5 செ.மீ. மணல் பரப்பி அதன்மேல் கல்லை அமர்த்த வேண்டும், இல்லையென்றால் ஆடும். தனித்தனிப் படிக்கல்லாக வைப்பதானால் ஒரு கல்லின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்குச் சுமார் 60 செ.மீ. இருந்தால் பெரியவர் நடைக்குப் பொருந்தும். வீட்டுச் சுவரை ஒட்டிய இடம் என்றால் தண்ணீர் சுவரைவிட்டு வெளிப்பக்கம் ஓடும்படி லேசான சரிவு கட்டாயம்.

மழமழப்பான டைல்ஸ் துண்டை முகம் மேலே தெரியப் பதிக்காதீர்கள். நனைந்தால் வழுக்கும். கவிழ்த்து, சொரசொரப்பான பின்பக்கம் மேலே வரும்படி வையுங்கள். காங்கிரீட் துண்டுகளில் இன்னொரு விஷயம் இருக்கிறது. அவற்றிலிருந்து கசியும் சுண்ணாம்பு பக்கத்து மண்ணைக் காரத்தன்மைக்குக் கொண்டுபோகும். வெட்சி போன்ற, அமிலத்தன்மையுள்ள மண்ணை விரும்பும் செடிகள் அருகில் இருந்தால் இலை நரம்பு மட்டும் பச்சையாகவும் மற்றது மஞ்சளாகவும் மாறும். உரக்குறை என்று நினைத்து உரமாகக் கொட்டுவோம், காரணம் காலடியில் கிடக்கும்.

மரத்தடியும் சரிவும்

மரத்தடியில் கல் பரப்புவது எனக்குப் பிடிக்காத வேலை. மரம் நீரும் சத்தும் எடுக்கும் நுண்வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே இருக்கிறது. கல்லைச் சமமாகப் பதிக்கத் தோண்டினால் அவை அறுபடும். தோண்டாமல் மேலே மண் கொட்டி மேடாக்கினாலோ வேருக்குக் காற்றுப் போகாது. ஜல்லி பரப்பினால் உதிரும் இலை இடுக்குகளில் சிக்கி மக்கி, அங்கேயே களை முளைக்கும். ஒவ்வொன்றாகப் பொறுக்குவது தீராத வேலை.

அங்கே முதலில் வர வேண்டியது மூடாக்கு. மரத்தின் சொந்தச் சருகோ மரச்சில்லுகளோ 5 முதல் 8 செ.மீ. கனத்தில் போதும். அடிமரத்தை ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். மரப்பட்டை எப்போதும் ஈரமாக இருந்தால் அழுகும். அப்புறம் வேர்களுக்கு நடுவே கையகலக் குழிகளில் நிழல் தாங்கும் செடிகளை நடலாம். ஈரம் இருக்கும் அரைநிழலுக்கு வல்லாரை அருமை.

சரிவிலும் செடிதான். படரும் தண்டு கணுவுக்குக் கணு வேர்விட்டு மண்ணைப் பிடித்துக்கொள்ளும். அது பரவும்வரை பழைய மரக்கிளைகளையும் கற்களையும் சரிவுக்குக் குறுக்கே வரிசையாகக் கிடத்தி, ஒவ்வொரு வரிசைக்கும் மேல்பக்கமாக நட்டுக்கொண்டே போனால் வழிந்துவரும் மண் அங்கேயே தங்கும்.

சுட்டெரிக்கும் வெயில் இடம்

கல் பகலெல்லாம் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் மெல்ல விடும். ஜன்னலுக்குக் கீழே அப்படி ஒரு பரப்பு இருந்தால் அறைக்குள்ளேயே தெரியும். இலை அப்படியில்லை, நீராவி விட்டுத் தன்னையும் சுற்றுப்புறத்தையும் குளிர்விக்கிறது. வறண்ட வெயிலுக்குப் பத்துமணிப் பூ, கொஞ்சம் ஈரமும் கிடைத்தால் பொடுதலை. பொடுதலையின் குட்டிப் பூக்களுக்குத் தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் வருவதைப் பார்ப்பதே தனி நிறைவு. நிலக்கடலைக்கு உறவான அராக்கிஸ் பின்டோய் மஞ்சள் பூவோடு படரும், காற்றிலிருக்கும் நைட்ரஜனை வேர்முடிச்சுகளில் சேர்த்தும் வைக்கும்.

வேகமாக மூடும் என்று, மஞ்சள் பூப் பூக்கும் படர்செடியான வெடிலியாவை மட்டும் நடாதீர்கள். உலகின் மோசமான 100 அயல் ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் அது இருக்கிறது. தோட்டத்தைத் தாண்டி ஓடைக்கரைக்குப் போய்விட்டால் பிடிக்க முடியாது.

செடியின் பலவீனம் முதல் பருவம். 30 செ.மீ. இடைவெளியில் நட்டால் சதுர மீட்டருக்குச் சுமார் 11 கன்றுகள், 20 செ.மீ. என்றால் 25. நெருக்கி நட்டால் சீக்கிரம் மூடும். ஆனால் எப்படி நட்டாலும் அது மூடிக்கொள்ளும்வரை களையைக் கையால் எடுத்தே ஆக வேண்டும். அந்தச் சில மாதங்களுக்கு நேரம் ஒதுக்க முடியாதவர்கள் கல்லைத் தேர்ந்தெடுப்பது நேர்மையான முடிவு.

இந்த இடைக்காலத்துக்குப் பழைய அட்டைப்பெட்டி பெரிய உதவி. செல்லோடேப், ஸ்டேப்ளர் பின் எல்லாவற்றையும் உரித்துவிட்டு, விளிம்புகள் 15 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விரித்து, நன்றாக நனைத்து, மேலே மூடாக்குப் போட்டு, ஓட்டையிட்டுக் கன்றை நடுங்கள். களை அடங்கும். செடி பரவுவதற்குள் அட்டை மக்கிவிடும். கறையான் தேடி வரும், ஆகவே வீட்டுச் சுவரையும் மரக்கதவையும் ஒட்டிப் போட வேண்டாம்.

அட்டைக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் விரிப்பையும் களைத்தடுப்புத் துணியையும் நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். இரண்டு வருடத்தில் அதன் மேலேயே தூசியும் சருகும் சேர்ந்து மண்ணாகி, களை மேலிருந்து முளைத்து வேரைத் துணிக்குள் பின்னிக்கொள்ளும். பிறகு பிய்த்தெடுப்பது பெரும்பாடு, பிய்ந்த துணுக்குகள் மண்ணிலேயே தங்கிவிடும்.

சும்மா கிடைத்தாலும் வேண்டாதவை

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உடைக்காதீர்கள், தோட்டத்துக்குள் கொண்டுவரவே வேண்டாம். உடைபடும்போது பறக்கும் நார் நுரையீரலைக் கெடுக்கும். ரயில் தண்டவாளத்தின் பழைய ஸ்லீப்பர் கட்டைகளில், மரம் உளுக்காமலிருக்க ஏற்றும் நச்சுத் தார் எண்ணெயான கிரியோசோட் ஊறியிருக்கலாம். பச்சை சாயல் கொண்ட, மருந்து ஏற்றிய பழைய மரத்தில் ஆர்சனிக் இருக்கலாம். உரிந்து வரும் பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. டயரிலிருந்து துத்தநாகம் மண்ணில் இறங்கும். இவற்றுக்கும் குழந்தைகள் விளையாடும் மண்ணுக்கும் சம்பந்தமே இருக்கக்கூடாது.

எங்கள் குழாயடியில் முதலில் வல்லாரை நட்டேன். ஈரம் அதற்குப் பிடித்திருந்தது, வாளியோடு வந்து நிற்கும் கால்களைத்தான் தாங்கவில்லை. பிறகு செங்கல்லை நெருக்கமாகப் பதித்தேன். பாசி பிடித்து வழுக்கியது. மூன்றாவது முறை அதே செங்கற்களை 5 செ.மீ. இடைவெளி விட்டு அமர்த்தி, இடுக்குகளில் மண் நிரப்பி, ஓரத்தில் தப்பியிருந்த வல்லாரைத் தண்டுகளைக் கிள்ளிச் செருகினேன். கால் கல்லில் நிற்கிறது, சிந்தும் தண்ணீர் இடுக்கில் இறங்குகிறது, இலை கல்லின் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழேயே இருப்பதால் மிதிபடுவதில்லை. ஐந்து வருடமாக அப்படியே இருக்கிறது.

எந்தப் பக்கம் சாய்வது என்று உறுதியில்லாத இடத்தில் கல்லிலிருந்தே தொடங்குங்கள். மணலில் அமர்த்திய செங்கல்லை ஒரு சாயங்காலத்தில் பெயர்த்து வேறிடம் மாற்றிவிடலாம். கணுவுக்குக் கணு வேர்விட்ட கொடியை அப்படி எடுக்க வராது, ஒரு துண்டு மண்ணில் தங்கினாலும் அடுத்த மழைக்குத் தளிர்த்துவிடும்.