கேரவன் சர்வீஸ் என்று 1,18,500 ரூபாய்க்கு நாமம்: பெங்களூரு ஆட்கள் உஷார்

மக்களே, சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "போனா போகுது" என்று நானும் சும்மா இருந்துவிடுவேன், அந்த ஒர்க்‌ஷாப்காரனும் அடுத்த ஆளுக்கு வலை விரித்துவிடுவான். 1,18,500 ரூபாய். கேரவன் சர்வீஸுக்கு என்று எண்ணிக் கொடுத்தது. வேலை செய்யவில்லை என்றால்கூடப் பரவாயில்லை, செய்ததாகக் காட்டுவதற்கு ஒரு காரியம் செய்திருக்கிறான் பாருங்கள், அதில் குடும்பத்தோடு போய்ச் சேர்ந்திருப்போம்.

கேரவன் என்றால் ஷூட்டிங்கில் நிற்குமே, அந்த பஸ் இல்லை. (எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ச்மேனே முதலில் பார்த்தபோது "யாரு சார் ஹீரோ?" என்றுதான் கேட்டார்.) இது எஞ்சின் இல்லாத ரெண்டு சக்கர ட்ரெய்லர். உள்ளே படுக்கை, சின்ன அடுப்பு, தண்ணீர் டேங்க். கார் பின்னால் இருக்கும் 50 மில்லிமீட்டர் உருண்டையில் மாட்டி இழுத்துப் போக வேண்டும். எஞ்சினே இல்லையே, என்ன செலவு வந்துவிடப் போகிறது என்று பார்க்கிறவர்கள் கேட்பார்கள். அதுதான் தொல்லையே. பின்னால் டயர் போனாலும் ஹப் (சக்கரத்தின் நடுக்குடம், பேரிங் இருக்கும் இடம்) கொதித்தாலும் ஓட்டுகிறவன் முன்னால் ஒரு விளக்கும் எரியாது.

எங்களுக்குச் சொந்த ஊர் குடியாத்தம். வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அன்றைக்கு எங்கள் வீட்டில் கால் வைக்க இடம் இருக்காது. இந்தத் தடவை கேரவனை இழுத்துக்கொண்டு போய் வாசலில் நிறுத்தினால் நாங்கள் நாலு பேரும் அதிலேயே படுத்துக்கொள்ளலாம் என்று திட்டம். வண்டியில் கொஞ்சம் வேலை இருந்தது. இடது சக்கரம் பிடித்து ஆட்டினால் லேசாக ஆடியது. கூரை ஓரத்தில் ஒழுகி, கதவுப் பக்கம் தரைப் பிளைவுட் ஊறிப்போயிருந்தது. டயரும் மாற்ற வேண்டிய வயசு.

வண்டி சர்வீஸுக்கு ஆள் பிடித்துத் தரும் ஒரு ஆப். பேர் வேண்டாம், பெங்களூரில் பாதிப் பேர் போனில் இருக்கும். அதில் தேடினால் "ட்ரெய்லர், கேரவன் ஸ்பெஷலிஸ்ட்" என்று பச்சை டிக்கோடு ஒரே ஒரு ஷெட் வந்தது. ஓசூர் ரோட்டை ஒட்டிய தொழிற்பேட்டை ஒன்றில் இருக்கும் ஃபேப்ரிகேஷன் ஷெட். போனேன். கன்னடத்தில்தான் பேச்சை ஆரம்பித்தேன். என் கன்னடத்தைக் கேட்டதுமே அவன் சிரித்துவிட்டு, "அண்ணே தமிழா? எந்த ஊருண்ணே?" என்றான்.

"குடியாத்தம்."

"அட, நான் ஆம்பூருண்ணே! பக்கத்துல பக்கத்துல. டேய், அண்ணனுக்கு டீ சொல்லுடா."

இந்த ஊரில் பிழைக்க வந்தவனுக்கு இது போதும். வேறு என்ன வேண்டும், சொல்லுங்கள்? வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். கீழே படுத்துப் பார்த்தான். நான் சொல்லாத ரெண்டு குறையையும் அவனே சொன்னான். "பழைய பிளைவுட்டைப் பூரா பேத்துட்டு மரைன் பிளை போட்டுடலாம்ணே. கூரை ஓரத்துப் பட்டையைக் கழட்டி, பியூட்டைல் டேப்னு ஒட்டற ரப்பர் நாடா வச்சு சீல் பண்ணாத்தான் ஒழுகாது, சும்மா மேல பூசினா அடுத்த மழைக்கே கொட்டும்." சரியான பேச்சு. வேலை தெரிந்தவன்தான். அதுதான் வயிற்றெரிச்சல்.

எழுதிக் கொடுத்த கணக்கு இது: டயர் மூன்று, ஸ்டெப்னியோடு, 24,000. பேரிங், பிரேக் வேலை 22,000. தரை 38,000. கூரை 19,500. வயரிங், லைட், காரிலிருந்து ட்ரெய்லர் லைட்டுக்குக் கரண்ட் வரும் ஏழு பின் சாக்கெட் 15,000. மொத்தம் 1,18,500. பாதி அட்வான்ஸ், மீதி வண்டி எடுக்கும்போது.

இடையில் வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினான். உள்ளங்கையில் கிரீஸ், அதன் மேல் தேய்ந்துபோன ஒரு பேரிங். கூடவே வாய்ஸ் மெசேஜ்: "பாருங்கண்ணே, உங்க வண்டில இருந்து எடுத்தது. பால்ஸெல்லாம் எப்படி இருக்கு பாருங்க. நல்லவேளை இப்ப வந்தீங்க." வீட்டில் எல்லாருக்கும் அந்த போட்டோவைக் காட்டினேன். "நல்ல மனுஷன்" என்றாள் என் வீட்டுக்காரி.

டெலிவரி அன்று டயர் பளபளவென்று கறுப்பு. தரையில் புது வினைல் விரிப்பு. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி வைத்து, "நீங்களே ஆட்டிப் பாருங்கண்ணே" என்றான். மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். துளி ஆட்டம் இல்லை. மீதிப் பணத்தை அங்கேயே ஜிபே செய்தேன். பில் கேட்டேன், சீல் வைத்துக் கொடுத்தான். கிளம்பும்போது, "அம்மன் பிரசாதம் எனக்கும் கொண்டாங்கண்ணே" என்றானே ஒரு வார்த்தை!

அத்திப்பள்ளி டோல் தாண்டி, ஓசூர் தாண்டி, எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. சூளகிரி வரும்போது பக்கத்தில் வந்த லாரிக்காரர் விடாமல் ஹாரன் அடிக்கிறார். கிளீனர் பையன் ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டி, "சார், பின்னாடி வீல்ல புகை!" என்று கத்துகிறான். ஓரம் கட்டி இறங்கினால் இடது சக்கரத்திலிருந்து புகை. கருகிய நாற்றம். ஹப் பக்கத்தில் கையைக் கொண்டுபோக முடியவில்லை. சின்னவள் அழ ஆரம்பித்துவிட்டாள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் சக்கரம் தனியாகக் கழன்று ஓடியிருக்கும் என்று பிறகு சொன்னார்கள். அது ஆறு வழி நெடுஞ்சாலை.

லாரி, டிராக்டர் டிப்பருக்கு வேலை செய்யும் மெக்கானிக் ஒருவர் பக்கத்திலேயே கிடைத்தார். ஹப் ஆறினதும் நடுவில் இருக்கும் மூடியைத் தட்டிக் கழற்றினார். மூடிக்குள் புதுக் கிரீஸ், நீல நிறத்தில், விரலால் தடவி வைத்த மாதிரி அப்படியே இருந்தது. அதற்குப் பின்னால்? காய்ந்து கறுத்து இறுகிக் கிடந்தது. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டி எடுத்துக் காட்டினார். "இது கிரீஸ் இல்ல சார், தாரு."

பிறகுதான் விஷயமே. ஆட்டம் இல்லாமல் இருந்ததே, எப்படி? பேரிங் தேய்ந்தால் சக்கரம் ஆடும். அதை மாற்றாமல் நட்டை மட்டும் ஒரேயடியாக இறுக்கிவிட்டால் ஆட்டம் தெரியாது. முறைப்படி, நட்டை இறுக்கி, சக்கரத்தைச் சுற்றி, பிறகு கொஞ்சம் தளர்த்தித்தான், நட்டு கழலாமல் பிடிக்கும் ஸ்ப்ளிட் பின்னைக் குத்த வேண்டும். இறுக்கியபடியே விட்டால் உருளை சூடேறி நீலம் பாய்ந்துவிடும். என் வண்டியில் பாய்ந்திருந்தது. சக்கரத்தைத் தாங்கும் அச்சு முனை, ஸ்டப் ஆக்சில், அதையும் சேர்த்துத் தின்றுவிட்டது. அவன் ஜாக்கியில் தூக்கி என்னை ஆட்டிப் பார்க்கச் சொன்னானே, அந்த ஒரு நிமிஷத்துக்காக இந்த வேலை.

வாட்ஸ்அப் போட்டோவைக் காட்டினேன். மெக்கானிக் சிரித்தே விட்டார். "சார், இது பால் பேரிங். உங்க வண்டில இருக்கிறது டேப்பர் ரோலர். குண்டே கிடையாது, உருளைதான். இது எந்த வண்டியோடதோ."

வலது பக்க மூடியைப் பார்த்தோம். பழைய பெயிண்ட் விளிம்பில் கீறல்கூட இல்லை. திறக்கவே இல்லை. பிரேக் ஷூ ரிவெட் வரை தேய்ந்திருந்தது. கார் பிரேக் பிடித்ததும் ட்ரெய்லர் முன்னால் வந்து முட்டும், அந்த விசைதான் கம்பியை இழுத்து ட்ரெய்லர் பிரேக்கைப் பிடிக்க வைக்கும். அந்தக் கம்பியும் துருப்பிடித்து இறுகியிருந்தது. அதாவது பிரேக்கே இல்லாமல் வந்திருக்கிறோம்.

டயரையும் சொல்லிவிடுகிறேன். தயாரித்த வாரமும் வருஷமும் நாலு எண்ணாக டயரில் இருக்கும், ஆனால் முழுசாக ஒரு பக்கம்தான் இருக்கும். அந்தப் பக்கத்தை உள்ளே திருப்பி மாட்டியிருந்தான். கழற்றிப் பார்த்தால் 2315. 2015ஆம் வருஷம் 23ஆவது வாரம். மேலே பாலிஷ். அவன் கழற்றி வைத்துக்கொண்ட என் பழைய டயரே இதைவிட இளசு!

வண்டியை அங்கேயே விட்டுவிட்டுக் காரில் ஊருக்குப் போனோம். மொட்டை மாடியில்தான் படுக்கை. "வீட்டையே இழுத்துட்டு வரேன்னியேடா" என்றார் அம்மா. சும்மாதான் கேட்டார், ஆனால் சாப்பாடு இறங்கவில்லை.

இனி அவன் பாட்டைக் கேளுங்கள். முதல் போனில், "அய்யோ அண்ணே, பசங்க ஏதோ பண்ணிட்டானுங்க, நான் பாத்துக்கறேன்." அடுத்து, "ஊர்ல ஒரு சாவுண்ணே, வந்து பேசறேன்." பிறகு போன் எடுக்கவில்லை, ப்ளூ டிக் மட்டும் விழுகிறது. வேறு நம்பரிலிருந்து அடித்தால் எடுத்தான். நான்தான் என்று தெரிந்ததும் குரல் மாறியது. அண்ணே போய் சார் ஆகிவிட்டேன். "ஓவர் லோடு ஏத்திருப்பீங்க சார், அதுக்கு நான் என்ன பண்றது?" நாலு மெத்தையும் ரெண்டு பாத்திரமும் ஓவர் லோடாம். போட்டோவில் இருப்பது பால் பேரிங் என்று சொன்னதும் ஆம்பூர்த் தமிழ் எங்கேயோ பறந்துவிட்டது. "ஏன் மாட்கோத்தீரோ மாட்கொள்ளி" என்று வைத்துவிட்டான். என்ன பண்ணணுமோ பண்ணிக்கோ என்று அர்த்தம்.

ஆப்பில் புகார் கொடுத்தேன். ஒரு பெண் குரல் ரொம்ப மரியாதையாக, நாங்கள் கஸ்டமரையும் ஒர்க்‌ஷாப்பையும் இணைத்து வைக்கிறோம், வேலைக்கு நாங்கள் பொறுப்பில்லை என்றது. அப்புறம் அந்தப் பச்சை டிக் எதற்கு? ஜிஎஸ்டி நம்பரைச் சரிபார்த்ததற்காம்! பேசி முடித்ததும் "உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது, எத்தனை ஸ்டார் தருவீர்கள்?" என்று மெசேஜ். நான் போட்ட விமர்சனம் "விதிமுறைக்கு உட்படவில்லை" என்று காணாமல் போய்விட்டது. ஸ்டேஷனில் "இது சிவில் மேட்டர், கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போங்க" என்றார்கள். இன்ஷூரன்ஸில் தேய்மானத்துக்கும் மெக்கானிக்கல் பழுதுக்கும் பணம் கிடையாது, விபத்து நடந்திருந்தால் பார்க்கலாம் என்றார்கள். நடந்திருக்க வேண்டுமாம்.

தரையையும் கூரையையும் பற்றி எழுதவே இல்லையே. வினைலைத் தூக்கிப் பார்த்தேன், அதே ஊறிய பிளைவுட், கட்டை விரலை வைத்து அழுத்தினால் உள்ளே போகிறது. கூரையில் பாத்ரூமுக்குப் பூசும் சிலிகான். "சும்மா மேல பூசினா" என்று எனக்குப் பாடம் எடுத்தவனேதான். 1,18,500 ரூபாயில் உருப்படியாக நடந்தது அந்த ஏழு பின் சாக்கெட் ஒன்றுதான். இண்டிகேட்டர் எரிகிறது.

எதையெல்லாம் எப்படிப் பார்த்து வாங்க வேண்டும் என்று விவரமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், மணி ஒன்றாகிறது. அவசரத்துக்கு இவ்வளவுதான்: ஹப்பை உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள், கழற்றின பழைய சாமானைக் கையோடு வாங்கி வாருங்கள். டயரில் நாலு எண்ணைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். சர்வீஸிலிருந்து எடுத்ததும் ஏதாவது பெட்ரோல் பங்கில் நிறுத்தி ரெண்டு ஹப்பையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கிருந்து நகராதீர்கள். ட்ரெய்லர் கழன்றுவிட்டால் தானாக பிரேக் பிடிக்க வைக்கும் பிரேக்-அவே கேபிளை மாட்ட மறக்காதீர்கள். பில் வாங்குங்கள், வாய்ஸ் மெசேஜை அழிக்காதீர்கள். 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன். கொடுத்த பணம் அஞ்சு லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கேஸ் போடக் கட்டணம் இல்லை, ரெண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். நான் போடப்போகிறேன்.

வண்டி இன்னும் சூளகிரியில்தான் நிற்கிறது. ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் ட்ரெய்லர் ஆக்சில் மாற்றத் தெரிந்தவர்கள், நீங்களே வேலை கொடுத்துப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். அதே ஓசூர் ரோட்டு ஷெட்டில் யாராவது இப்போது வண்டியை விட்டிருந்தால் மீதிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால் எனக்கு இன்பாக்ஸ் பண்ணுங்கள், பில்லும் அந்தப் பேரிங் போட்டோவும் அனுப்பிவைக்கிறேன்.