டீப்பாய் மேல் பெரிய புத்தகங்கள்: நடுமடிப்பு விழுங்கிய அர்த்தநாரி

ஹாலில் வைக்க நாலைந்து பெரிய காபி டேபிள் புத்தகங்கள் வாங்கப் போகிறேன், எதைப் பார்த்து வாங்குவது என்று நண்பர் ஒருவர் கேட்டார். எங்கள் வீட்டு டீப்பாயில் அவை சில வருடங்களாக இருக்கின்றன, அதில் இருப்பதிலேயே பெரியது இப்போதுதான் பைண்டரிடமிருந்து திரும்பி வந்திருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அளவு, விலை, பக்க எண்ணிக்கையெல்லாம் வாங்கும் இடத்திலேயே போட்டிருப்பார்கள், அதற்குள் போகவில்லை.

எனக்குத் தீராத கோபம் ஒன்றின் மேல்தான். நடுமடிப்பு, அதாவது புத்தகத்தைத் திறந்தால் இரண்டு பக்கங்களும் முதுகில் சேரும் பள்ளம்.

நான் சொல்வது சோழர் காலச் செப்புத்திருமேனிகள் பற்றிய படப்புத்தகம். எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தத் திருமேனியின் உயிரே நடுவில்தான் இருக்கிறது. சிவன் பக்கம் இரண்டு கை, உமை பக்கம் ஒன்று, தோளும் இடுப்பும் இரண்டு பக்கமும் வேறு வேறு, ஆனாலும் இவர் இங்கே முடிந்தார், அவர் இங்கே தொடங்கினார் என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. பதினோராம் நூற்றாண்டில் ஒரு ஸ்தபதி மெழுகில் அதைச் செய்திருக்கிறார். புத்தகத்தில் அதே இடத்தை நெருக்கமாகப் படமெடுத்து இரண்டு பக்கத்துக்கும் விரித்துப் போட்டிருக்கிறார்கள், அச்சு அவ்வளவு அருமை, உலோகத்தின் பச்சையும் பழுப்பும் கையில் ஒட்டும் போல இருக்கிறது. மடிப்பு மட்டும் சரியாக அந்த இணைப்பின் மேல் விழுந்து அரை அங்குலத்தை உள்ளே இழுத்துக்கொண்டது. அழுத்திப் பிரித்தாலும் தெரியாது. பல ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு, எதைக் காட்டப் புத்தகம் போட்டார்களோ அதையே மறைத்துக் கொடுத்தால் கோபம் வராதா?

காரணம் தைக்காத பைண்டிங். பாரம் பாரமாக, அதாவது பெரிய அச்சுத் தாள்களைச் சின்னக் கட்டுகளாக மடித்து, நூலால் தைத்த புத்தகம் மேசையில் ஏறக்குறைய தட்டையாகத் திறந்து கிடக்கும். தாள்களை வெட்டி முதுகில் பசை மட்டும் பூசியது அப்படித் திறக்காது, வலுவில் திறந்தால் பிளக்கும். வருகிறவர்கள் எல்லோரும் அர்த்தநாரியைத்தான் பிரித்தார்கள், அதனால் அங்கேயே பிளந்தது. இன்னொரு கோளாறும் உண்டு. காகிதத்தின் நார் ஓடும் திசை முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும். குறுக்கே ஓடினால் பக்கம் புரளாமல் விறைத்து நிற்கும், சென்னை ஈரக்காற்றில் முதுகோரம் அலை அலையாக நெளிந்துவிடும். என் புத்தகத்தில் இரண்டுமே இருந்தன.

ஆகவே நண்பரே, வாங்கும் முன் புத்தகத்தின் மேல் விளிம்பை முதுகோரமாகப் பாருங்கள். சின்னச் சின்ன மடிப்புக் கட்டுகள் தெரிகிறதா? தெரிந்தாலும் அதோடு விடாதீர்கள், மடித்துவிட்டு நூல் போடாமல் பசை மட்டும் ஏற்றுவதும் உண்டு. ஏதாவது ஒரு கட்டின் நடுப்பக்கத்தைப் பிரித்தால் நூல் கண்ணில் பட வேண்டும். இதைப் பார்க்கவிடாமல் பிளாஸ்டிக் உறையோடுதான் தருவேன் என்று கடைக்காரர் சொன்னால் மாதிரிப் பிரதி கேளுங்கள். சும்மா இருக்காதீர்கள், கேளுங்கள்.

பழுதுபார்த்த கதை இது. திருவல்லிக்கேணியில் ஒரு பைண்டரிடம் கொண்டுபோனேன். ஓரத்தையல், அதாவது முதுகோரமாக எல்லாத் தாளையும் சேர்த்துக் குத்தித் தைப்பது, போட்டுத் தாருங்கள் என்றேன். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தவர், "ஓரத்தையல் போட்டா இன்னும் அரை இஞ்ச் உள்ள போயிடும் சார், இந்தப் படமெல்லாம் வீணாயிடும்" என்றார். படத்தைப் பார்த்துச் சொன்னார் பாருங்கள், போட்டவர்களுக்கு அந்தக் கவலை இருக்கவில்லை. பழைய பசையைச் சுரண்டி எடுத்து, தாள்களை ஒரு பக்கம் விசிறியாகச் சாய்த்துப் பசை, மறுபக்கம் சாய்த்துப் பசை, மேலே காடாத்துணி. மைதாப் பசை போட்டால் ராமபாணப் பூச்சி வரும், பூச்சிக்கு மயில்துத்தம் கலந்தாலும் இந்தப் பளபளப்புத் தாளுக்கு அது வேண்டாம் என்று வெள்ளைப் பசையே போட்டார். சில நூறு ரூபாய் வேலை. இப்போது புத்தகம் புதிதாக வந்தபோது திறந்ததைவிட நன்றாகத் திறக்கிறது! அந்த இணைப்பு முழுதும் இல்லை, முக்கால்வாசி தெரிகிறது. உமையின் தோளுக்குக் கீழே உலோகம் எப்படிச் சரிகிறது என்று முதன்முறையாகப் புத்தகத்தில் பார்த்தேன்.

மற்றவை சுருக்கமாக. இவற்றை நிறுத்தி வைக்காதீர்கள், படுக்கவைத்தால்தான் நல்லது. 30க்கு 40 சென்டிமீட்டர் அளவில் 300 பக்கம், சதுர மீட்டருக்கு 170 கிராம் எடையுள்ள ஆர்ட் பேப்பர் (மேற்பூச்சுள்ள பளபளப்புத் தாள்) என்றால் காகிதம் மட்டுமே 3 கிலோ. நிறுத்தினால் அந்த எடை முழுக்க அட்டை சேரும் இடத்திலிருந்து தொங்கும். நேர் வெயில் படும் ஜன்னலோரம் வேண்டாம், உறையில் சிவப்பும் மஞ்சளும் முதலில் போய் நீலம் மட்டும் மிஞ்சும். உச்சியில் பித்தளைக் குத்துவிளக்கு, பூச்சாடி வைத்து அழகு பார்ப்பதை நான் நிறுத்திவிட்டேன், அது இருந்தால் யாரும் புத்தகத்தைத் தொடுவதில்லை. தண்ணீர் கொட்டிவிட்டால் மட்டும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள். ஆர்ட் பேப்பரின் மேற்பூச்சு நனைந்தால் பசையாகிவிடும், மூடியபடி காய்ந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அப்புறம் பிரிக்கவே முடியாது. உடனே விரித்து, இடையிடையே பட்டர் பேப்பர் வைத்து ஃபேனுக்குக் கீழே வையுங்கள்.

பெரிதாக இருப்பதே சிறப்பு என்று நினைக்க வேண்டாம். 1999இல் ஜெர்மனியின் டாஷன் பதிப்பகம் புகைப்படக் கலைஞர் ஹெல்மட் நியூட்டனின் படங்களை ஏறக்குறைய 30 கிலோ புத்தகமாகப் போட்டது, அதை வைக்கவே வடிவமைப்பாளர் ஃபிலிப் ஸ்டார்க் தனித் தாங்கி வடிவமைத்தார். நம் ஊரிலேயே தாரா புக்ஸ் பதிப்பகத்தார் கைக்காகிதத்தில் ஸ்கிரீன் பிரிண்ட் செய்து, கையாலேயே தைத்துத் தருகிறார்கள். டீப்பாயில் பாதி இடம்கூட அடைக்காது, தட்டையாகத் திறக்கும், அச்சு மையின் வாசனை வெகு நாள் இருக்கும். முதல் புத்தகம் வாங்குபவருக்கு நான் சொல்வது அதைத்தான்.

இவ்வளவு சொன்ன பிறகு, அதே செப்புத்திருமேனிப் பதிப்பாளரின் அடுத்த தொகுதி விலை குறைந்திருக்கிறது. அதுவும் பசை பைண்டிங்தான், கடையில் பிரித்துப் பார்த்துவிட்டேன். இருந்தாலும் வாங்கப் போகிறேன், அந்த அச்சுக்கு ஈடாக வேறு எதையும் நான் பார்க்கவில்லை. கடையிலிருந்து நேராகத் திருவல்லிக்கேணிக்குத்தான்.