மாட்டின் பருவத்தைக் கண்டுபிடிக்க: கால் பட்டையா, கழுத்துப் பட்டையா, பால் சோதனையா?

பசு ஏறக்குறைய 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு, அதாவது சினை பிடிக்கும் நிலைக்கு, வரும். அதன் அறிகுறி 12 முதல் 18 மணி நேரம்தான் இருக்கும். நிறையக் கறக்கும் மாட்டில் இன்னும் குறைவு. ராத்திரியில் வந்து போய்விட்டால் மூன்று வாரத் தீவனம் தண்டம். அதைப் பிடிக்கத்தான் இத்தனை சென்சார்கள்.

மூத்தது காலில் கட்டும் நடைமானி. இஸ்ரேலின் அஃபிகிம் என்ற கிப்புட்ஸ்காரர்கள் (கூட்டுப் பண்ணைக் கிராமத்தார்) 1980களிலேயே இதைச் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பருவத்தில் மாடு நிலைகொள்ளாமல் அலையும். எடுத்துவைக்கும் அடிகள் இரண்டு, மூன்று மடங்காகும். கழுத்துப் பட்டை அசைவோடு அசைபோடும் நேரத்தையும் கணக்கெடுக்கிறது. பருவ நாளில் அசைபோடுவது குறையும். காய்ச்சலோ வயிற்றுக் கோளாறோ வந்தாலும் குறையும், அதனால் நோயையும் முன்கூட்டியே காட்டிவிடும். இரண்டில் ஒன்று என்றால் என் ஓட்டு கழுத்துக்குத்தான்.

ஆனால் இரண்டுமே அவிழ்த்துவிட்ட மாட்டை நினைத்துச் செய்தவை. நம் ஊர்க் கட்டுத்தறியில் ஒரு பாகக் கயிற்றில் நிற்கும் மாடு எங்கே போய் நடக்கும்? விற்க வருபவர் இதை மட்டும் சொல்லமாட்டார்.

வயிற்றுக்குள் தங்கும் சென்சாருக்கு நடை தேவையில்லை. உடல் சூட்டை அளக்கும். பருவத்தில் ஏறுவது சுமார் அரை டிகிரிதான். மாடு ஒரு வாளி தண்ணீர் குடித்தாலே அளவு தடாலென இறங்கும், அதை மென்பொருள் கழித்துப் பார்க்க வேண்டும். கன்று ஈனப்போவதை முன்னறிய இது நல்ல கருவி. ஆனால் விழுங்கிய பின் வேறு மாட்டுக்கு மாற்ற முடியாது.

வெளியே அறிகுறி காட்டாத ஊமைப் பருவத்துக்கு, முக்கியமாக எருமைக்கு, பாலில் புரோஜெஸ்டிரோன் பார்ப்பதுதான் சரி. அந்த ஹார்மோன் இறங்கிய பிறகுதான் பருவம் வரும். மாடு கத்தினாலும் கத்தாவிட்டாலும் பால் காட்டிக்கொடுத்துவிடும். சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்ட 21ஆம் நாளில் அளவு குறைவாக இருந்தால் சினை நிற்கவில்லை என்றும் தெரிந்துவிடும். டெலாவல் நிறுவனத்தின் ஹெர்ட் நேவிகேட்டர் போன்ற கருவி கறவைக் கூடத்திலேயே மாதிரி எடுத்துப் பார்க்கிறது. ஒவ்வொரு சோதனைக்கும் செலவு உண்டு. பெரிய பண்ணைக்குத்தான் கட்டும்.

இரண்டு மூன்று மாடு கட்டி வளர்ப்பவருக்கு நான் எதையும் வாங்கச் சொல்லமாட்டேன். விடியற்காலையிலும் படுக்கப்போகும் முன்னும் வாலடியைப் பாருங்கள். கண்ணாடி போன்ற வழும்பு கயிறாகத் தொங்கினால், காலையில் கண்டதற்கு மாலையில் ஊசி, மாலையில் கண்டதற்கு மறுநாள் காலை. இருபது மாட்டை அவிழ்த்துவிட்டு வளர்ப்பவர் கழுத்துப் பட்டை வாங்கலாம்; முதலில் நாலைந்து மாட்டுக்குக் கட்டி, இரண்டு சுற்றுப் பருவம் பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.