பூர்வீகம் தேடித் தருகிறோம் என்றார்கள். 2,800 மலேசிய வெள்ளி போனது

நேற்று இரவுதான் என் எண்ணைத் தடை செய்தார்கள். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். அப்போதாவது இன்னொரு குடும்பம் தப்பிக்கும்.

அப்பாவுக்கு 84 வயது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பால்மரம் வெட்டி எங்களைப் படிக்கவைத்தவர். தாத்தாவின் ஊரைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது ஒன்றே ஆசை. கையில் இருந்த தடயம் மூன்று: ஊர் கருப்பூர், குலதெய்வம் அய்யனார், நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தது. தமிழ்நாட்டில் கருப்பூர் ஒன்றா இரண்டா? ரஜூலாவும் அப்படித்தான், இங்கே யாரைக் கேட்டாலும் எங்கள் தாத்தா அதில்தான் வந்தார் என்பார்கள்.

முகநூல் விளம்பரத்தைப் பார்த்து, பூர்வீகம் தேடித் தரும் ஒரு சேவையைப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அழைத்தேன். முன்பணம் 1,200 வெள்ளி. காணொளியில் வந்தவர் என்னிடம் பேசவே இல்லை. நேராக அப்பாவிடம், "ஐயா, உங்கள் குலதெய்வம் யார்? பக்கத்தில் வாய்க்கால் உண்டா? தாத்தா ஏதாவது பாட்டுப் பாடுவாரா?" என்று கேட்டார். அப்பா ஒரு தாலாட்டின் இரண்டு வரியைப் பாடிக் காட்டினார். அந்த மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் கவிழ்ந்தது அங்கேதான். அடுத்த வாரம் கிராமக் கணக்குகளைப் பார்க்கச் செலவாகும் என்று 1,600 கேட்டபோது மறுபேச்சில்லாமல் அனுப்பினேன். ஆக 2,800.

ஒரு மாதத்தில் தங்க எழுத்து அட்டையோடு புத்தகம் வந்தது. ஏழு தலைமுறை! குலதெய்வம் அய்யனார், பக்கத்தில் வாய்க்கால். நாங்கள் சொன்னதையே எங்களுக்கு விற்றிருக்கிறார்கள். நடுவில் "அசல் கப்பல் பதிவு" என்று ஒரு பழுப்புத் தாள்: 1921, ரஜூலா, நாகப்பட்டினம் மாவட்டம், தமிழ்நாடு.

என் மகள்தான் பிடித்தாள். ரஜூலா கட்டப்பட்டதே 1926இல். நாகப்பட்டினம் மாவட்டம் 1991இல் பிரிக்கப்பட்டது. அன்று அது தஞ்சாவூர் மாவட்டம். மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயர் வந்தது 1969இல். அதற்கு முன்பு சென்னை மாகாணம், சென்னை மாநிலம். தாளைத் திருப்பினால் பின்பக்கம் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. தேயிலைச் சாயத்தை ஒரு பக்கம் மட்டும் தடவியிருக்கிறார்கள். 2,800 வெள்ளிக்கு இரண்டு பக்கமும் தடவக் கூடாதா?

கேட்டேன். முதல் நாள், "சார் களப்பணியில் இருக்கிறார்." ஒரு வாரம் கழித்து, "தட்டச்சுப் பிழை. திருத்திய பதிப்புக்கு 400 வெள்ளி." பிறகு ஒரு பெண் குரல், "ஆய்வுக் கட்டணம் திரும்பக் கிடைக்காது, நிபந்தனைகளில் இருக்கிறது." கடைசியாக அவரே வந்தார்: "முன்னோர் விஷயத்தில் நம்பிக்கை வேண்டும் அம்மா." நம்பிக்கை! அதைத்தானே 2,800 வெள்ளி கொடுத்து வாங்கினேன். அதோடு தடை.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், முடியவில்லை. அவசரமாக இவ்வளவுதான்: குலதெய்வம், ஊர்ப் பெயர் எதையும் முதலில் வாயால் சொல்லாதீர்கள், அவர்கள் கண்டுபிடித்துச் சொல்லட்டும். எந்த ஆவணக் காப்பகம், எந்தக் கோப்பு எண் என்று கேளுங்கள். மழுப்பினால் இணைப்பைத் துண்டியுங்கள். அடையாள அட்டைப் படத்தை அனுப்பாதீர்கள். நான் அப்பாவுடையதை அனுப்பிவிட்டேன், இப்போது அது வேறு பயம். வீட்டில் பழைய பிறப்புப் பத்திரம், தாத்தாவின் கடிதம் ஏதாவது இருந்தால் அதை முதலில் தேடிப் பாருங்கள். நாங்கள் தேடவே இல்லை.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. புத்தகத்தைச் சாமி மேடையில் வைத்திருக்கிறார். கடவுச்சீட்டைப் புதுப்பிக்க என்றைக்குப் போகலாம் என்று கூடத்திலிருந்து கேட்கிறார்.