சாம்பல் பொழியும் நாட்களுக்கு வாங்கிய என்95 முகக்கவசம்

எரிமலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர் வீட்டில் டார்ச்சுக்கும் குடிநீர்க் கேனுக்கும் அடுத்தபடியாகக் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டியது முகக்கவசம் என்பதால், மடித்து வைக்கக்கூடிய என்95 கவசங்கள் இருபது கொண்ட பெட்டி ஒன்றை வாங்கி, அதன் பிறகு வந்த இரண்டு சாம்பல் பொழிவுகளிலும் பயன்படுத்திப் பார்த்தேன். வடிகட்டும் துணியில் எனக்குக் குறையில்லை. மூக்கின் மேல் அழுத்திவிடும் கம்பிதான் ஏமாற்றிவிட்டது.

எரிமலைச் சாம்பலை அடுப்புச் சாம்பலைப்போல நினைத்துவிடக் கூடாது. நொறுங்கிய பாறையும் கண்ணாடித் துகளுமான அது நீரில் கரையாது. விரலிடையே தேய்த்தால் நறநறக்கும். அதில் 4 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை இறங்கக்கூடியவை. நனைத்த கைக்குட்டையே போதும் என்பார் உண்டு. நனைப்பதால் துணியின் வடிகட்டும் திறன் கூடுவதில்லை. என்95 தரமோ, 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தைத் தடுத்தாக வேண்டும் என்கிறது. ஆனால் அந்தக் கணக்கெல்லாம் கவசம் முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தும்வரைதான்.

முதல் பொழிவின் மறுநாள், கூரையில் படிந்ததை நீரை லேசாகத் தெளித்து (அதிகம் ஊற்றினால் சாம்பல் கனத்துக் கூரையையே இறக்கிவிடும்) இரண்டு மணி நேரம் வழித்துத் தள்ளினேன். கவசத்தைக் கழற்றிக் கண்ணாடியில் பார்த்தபோது கன்னமும் தாடையும் சுத்தமாக இருக்க, மூக்கின் இருபுறமும் பென்சிலால் இழுத்தாற்போலச் சாம்பல் கோடுகள் தெரிந்தன. வேலை நடுவே மூக்குக்கண்ணாடியில் ஓயாமல் ஆவி படிந்த காரணம் அப்போதுதான் விளங்கியது: கம்பி நெகிழ்ந்து, மூச்சு அவ்வழியே போய்வந்திருக்கிறது. இரண்டாம் முறை மூக்கின் மேல் மருத்துவ டேப்பை ஒட்டிக்கொண்டேன், கோடு விழவில்லை. நான்கு கவசங்களில் கம்பியே கழன்று வந்தது. விற்றவரிடம் கேட்டதற்கு, பெட்டியைப் பிரித்துவிட்டால் மாற்றித்தர இயலாது என்றார்.

காதில் மாட்டாமல் தலைக்குப் பின்னால் இழுத்துக் கட்டும் இரண்டு பட்டைகள் உறுதியானவை, வியர்வையிலும் தளரவில்லை. தாடி வைத்திருக்கும் என் மைத்துனருக்கு இது பொருந்தவேயில்லை என்றாலும், அது கவசத்தின் குற்றமன்று. சிறுவர் அளவு இதில் கிடையாது. குழந்தைகளை வீட்டுக்குள் வைத்துக் கதவிடுக்குகளில் ஈரத்துணியைச் செருகுவதே வழி.

பெட்டியின் மேல் புகை கக்கும் மலையின் படத்தை அச்சிட்டிருப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இக்கவசம் துகளைத் தடுக்குமேயன்றிக் கந்தக டை ஆக்சைடு போன்ற வாயுக்களைத் தடுக்காது. படத்தை நம்பி வாயு நெடி வீசும்போது வெளியே நிற்பவர் ஆபத்தைத் தேடிக்கொள்கிறார்.

அடுத்த முறை மூக்குப் பகுதியில் பஞ்சுப்பட்டை வைத்த வகையைத்தான் வாங்குவேன். மீதமுள்ள ஏழு கவசங்களை டேப்போடு சேர்த்தே அலமாரியில் வைத்திருக்கிறேன்.