ஆற்றோர நிலமா, கருமண் மேடா? சித்தூர் பக்கம் மனை பார்ப்பவர்களுக்கு

தமிழில் நிலம் என்றால் எந்த மண்ணும் நிலம்தான். கேரள வில்லேஜ் ஆபீஸில் அப்படி இல்லை. அங்கே வரிப் பதிவேட்டில் ‘நிலம்’ என்றிருந்தால் அது நெல்வயல். வீடு கட்டும், தென்னை வைக்கும் மேட்டு இடத்துக்குப் ‘புரையிடம்’ என்று பெயர். பாலக்காடு சித்தூர் ஆற்றோரத்தில் 10 சென்ட் பார்த்துவிட்டு வந்த மச்சான், “ரசீதுல நிலம்னுதான் போட்டிருக்கு, பிரச்சினையே இல்ல” என்றார். பிரச்சினையே அந்தச் சொல்தான்.

அவர் கையில் இன்னொரு மனையும் இருந்தது. கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, கருமண் மேட்டில் அதே 10 சென்ட், ஆனால் விலை கூடுதல். இரண்டையும் நடந்து பார்த்தேன்.

ஆற்றோர மனை பார்க்க அழகுதான். கிணறு வெட்டினால் சீக்கிரம் தண்ணீர். ஆனால் வரப்புத் தென்னைகளில் என் இடுப்பு உயரத்துக்குச் சேற்றுக்கோடு காய்ந்திருந்தது. முள்கம்பி வேலியில் வைக்கோலும் பிளாஸ்டிக் பையும் ஒரே மட்டத்தில் சிக்கியிருந்தன. மேலே உள்ள வயல்களின் வடிகால் இந்த மனையின் ஓரமாகத்தான் போய், ரோட்டுக்கு அடியில் ஒரே ஒரு சிமெண்ட் குழாய் வழியாக ஆற்றில் விழுகிறது. குழாயில் பாதி மண். ஆறு ஏறினால் குழாயின் வாய் மூழ்கி, வெளியே போகவேண்டிய தண்ணீர் உள்ளே திரும்பும். இது ஆழியாற்றுத் தண்ணீர் வரும் ஆறு. மேலே அணையைத் திறந்தால், சித்தூரில் தூறல்கூட இல்லாத நாளிலும் இங்கே மட்டம் உயரும்.

“நாலடி மண் அடிச்சா முடிஞ்சுது” என்றார் புரோக்கர். கணக்கு போட்டுப் பார்த்தோம். 10 சென்ட் என்பது 4,356 சதுர அடி. நாலடிக்கு 17,424 கன அடி, அதாவது 100 கன அடி யூனிட்டில் 174 யூனிட். அடித்த மண் அமுங்கும் என்பதால் இதற்கு மேலேயும் வேண்டும். அஸ்திவாரத்தையும் அந்தப் புது மண்ணில் நிறுத்த முடியாது, அடியில் இருக்கும் கெட்டி மண் வரை இறக்கியாக வேண்டும். வெள்ளம் நாலடி நிற்கும் நாளில் இந்த மனை தாங்கியிருக்க வேண்டிய சுமார் 4.9 லட்சம் லிட்டர் எங்கே போகும்? பக்கத்து வயலுக்கும், வடிகால் அடைபட்டால் மேல்வயலுக்கும்தான். அப்புறம் வரப்புச் சண்டை தலைமுறைக்கும் ஓடும்.

அதைவிடத் தூண் மேல் வீடு எனக்குப் பிடித்திருந்தது. தண்ணீர் அடியில் புகுந்து போய்விடும், வடிகாலும் அப்படியே இருக்கும். 174 யூனிட் மண்ணின் விலையைக் கேட்டபிறகு தூண் செலவு அவ்வளவு பயமுறுத்தாது. ஒரே நிபந்தனை, கீழ்த்தளத்தைக் காலியாக விட வேண்டும். நம் ஆட்கள் விடமாட்டார்கள். இரண்டாம் வருஷமே சுவர் எழுப்பி ஒரு பக்கம் கார், ஒரு பக்கம் வாடகைக் கடை என்று ஆகிவிடும். செப்டிக் டேங்கும் தூணில் ஏறாது. நிலத்தடி நீர் மேலே வந்துவிட்டால் உறிஞ்சுகுழி எதையும் உறிஞ்சாது, கழிவுநீர் கிணற்றுப் பக்கம் கசியும்.

மண் அடித்தாலும் தூண் நட்டாலும் சட்டம் ஒன்றுதான். 2008ஆம் ஆண்டின் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டப்படி டேட்டா பேங்கில், அதாவது வயல், ஈரநிலங்களின் அரசுப் பட்டியலில், ஏறிய வயலை நம் இஷ்டத்துக்கு நிரப்ப முடியாது. தவறாக ஏறியிருந்தால் பாரம் 5 என்ற விண்ணப்பப் படிவம் போட்டு நீக்கச் சொல்லலாம். பழைய செயற்கைக்கோள் படத்தில் அது வயலா என்று பார்ப்பார்கள். டேட்டா பேங்கில் இல்லை, பதிவேட்டில் மட்டும் ‘நிலம்’ என்றால் 50 சென்ட் வரை வகை மாற்றக் கேட்டு பாரம் 6, ஆர்.டி.ஓ. அல்லது டெபுடி கலெக்டரிடம். வேறு மனை இல்லாத வயல்காரருக்குப் பஞ்சாயத்தில் 10 சென்ட் வரை வீடு கட்ட ஒரு வழி உண்டு. புதிதாக வாங்குகிறவர் அதை நம்பி முன்பணம் கொடுப்பது மடத்தனம்.

சரி, மேட்டுக்கு வருவோம். பதிவேட்டில் புரையிடம் என்றே இருக்கிறது. ஆனால் கேரளாவிலேயே இந்தப் பக்கத்தில் காணப்படும் கருமண், மழையில் ஊதி வெயிலில் வெடிக்கும். நான் போனபோது வெடிப்பில் உள்ளங்கை நுழைந்தது. சாதாரண அஸ்திவாரம் போட்டால் ஜன்னல் மூலையில் சுவர் கீறும். கருமண்ணைத் தோண்டி எடுத்துவிட்டுக் கிராவல் நிரப்பி இடிக்க வேண்டும், அல்லது குடைபோல் அடி விரிந்த பைல் (ஆழத் தூண் அஸ்திவாரம்) இறக்க வேண்டும். சுற்றுப்புறம் மூன்றடிக்குச் சரிவாகத் தளம் போட்டு, கூரைத் தண்ணீரைச் சுவரோரம் விழவிடாமல் குழாயில் தள்ளிக் கொண்டுபோக வேண்டும். பெரிய தலைவலி குடிநீர். மழை குறைந்த பக்கம், போர் ஆழமாகப் போகும், போட்டாலும் உத்தரவாதம் இல்லை.

என் ஓட்டு மேட்டுக்குத்தான். கருமண்ணின் குணத்தை என் மனைக்குள்ளேயே காசு செலவழித்துச் சமாளிக்கலாம். ஆற்றோரத்தில் அந்த ரோட்டுக் குழாயும் அணையின் ஷட்டரும் யார் கையிலோ இருக்கின்றன.

மச்சான் இன்னும் மனசு தேறவில்லை. “போர்ல தண்ணி வரலைன்னா நீதான் லாரித் தண்ணி காசு கொடுக்கணும்” என்கிறார். முதலில் பக்கத்துத் தோட்டக்காரரிடம் போர் எத்தனை அடி என்று கேட்டுவரச் சொல்லியிருக்கிறேன்.